கடைப்பற்றில் தொடங்கிய ஆராய்ச்சி

எங்கள் ஊரில் மாசம் பிறந்தால் பணம் பார்க்கிற வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வாத்தியார் வீடு, பட்டாளத்துக்குப் போனவர் வீடு, கண்டக்டர் வீடு, போலீஸ் ஸ்டேஷனில் வேலை பார்த்தவர்கள் குடியிருந்த வாடகை வீடுகள். மற்ற எல்லாருக்கும் காசு வருஷத்தில் ஒரு தடவை, மல்லியும் உளுந்தும் மிளகாயும் களத்துக்கு வந்த பிறகுதான் கண்ணில் படும். எம்.ரெட்டியபட்டி மானாவாரி பூமி. புரட்டாசியில் விதைத்துவிட்டு ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கிடக்கிற கரிசல். மழை ஏமாற்றிய வருஷம் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார்கள். நடுவில் வருகிற நல்லது கெட்டது, அரிசி பருப்பு, நோட்டுப் புத்தகம் எல்லாமே கடை அண்ணாச்சியின் பற்று நோட்டில் எழுதி நடக்கும். அறுப்பு முடிந்ததும் கணக்குத் தீர்க்க வேண்டும். தீராவிட்டால் அடுத்த அறுப்புக்கு.

அந்த ஊரிலிருந்து நான் வேதியியலில் முனைவர் பட்டம் வரை போனேன். "எப்படிம்மா படிச்சே?" என்று இப்போதும் கேட்கிறார்கள். "ஸ்காலர்ஷிப்" என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடுவேன். உண்மைதான். ஆனால் அந்த ஸ்காலர்ஷிப் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதற்கும், அதற்கு விண்ணப்பிப்பதற்கும், கிடைத்த பிறகு அது கைக்கு வந்து சேர்வதற்கும் இடையில் நிறைய நாட்கள் கிடக்கின்றன. அந்த நாட்களுக்கு எந்த அரசாணையிலும் பணம் ஒதுக்கவில்லை. அங்கே யார் கைகொடுத்தார்கள் என்பதுதான் நான் எழுத நினைப்பது.

அருப்புக்கோட்டையில் பி.எஸ்ஸி. படித்தபோது எங்கள் வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்த பாதை ஒன்றே: பி.எஸ்ஸி., பி.எட்., அப்புறம் டீச்சர் வேலைக்குப் பரீட்சை. எனக்கும் அதுதான் திட்டம். எம்.எஸ்ஸி.க்கு மதுரை போனது, விடுதியோடு சேர்த்துக் கட்டணம் குறைவாக ஓரிடம் கிடைத்ததால். அந்த விடுதியில்தான் பாலவனத்தம் அக்கா ஒருத்தி இருந்தாள். எனக்கு ஒரு வருஷம் மூத்தவள். ஒரு நாள் பழைய வினாத்தாள் கட்டு ஒன்றைக் கொண்டுவந்து என் கட்டிலில் போட்டாள். "இது நெட் பரீட்சை. இதுல ஜே.ஆர்.எஃப். வாங்குனா ஆராய்ச்சி பண்றதுக்கு மாசாமாசம் பணம் குடுப்பாங்க. மாசம் பன்னிரண்டாயிரம்" என்றாள். நான் நம்பவில்லை. படிப்பதற்குப் பணம் கட்டித்தான் எனக்குப் பழக்கம்.

அவள் சொன்னது அப்படியே சரி. அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றமும் பல்கலைக்கழக மானியக் குழுவும் சேர்ந்து அப்போது வருஷத்துக்கு இரண்டு முறை நடத்திய தேர்வு அது. வேதியியல், இயற்பியல், கணிதம், உயிரியல், புவி அறிவியல் படித்தவர்களுக்கானது. முன்வரிசையில் தேறினால் இளநிலை ஆராய்ச்சியாளர் உதவித்தொகை, அதற்கடுத்த பட்டியலில் வந்தால் விரிவுரையாளர் தகுதி மட்டும். உதவித்தொகை முதல் இரண்டு வருஷம் ஒரு அளவு, பிறகு முதுநிலை ஆராய்ச்சியாளராக உயர்த்தி இன்னொரு அளவு, ஆக மொத்தம் ஐந்து வருஷம் வரை. அதற்கு மேல் வீட்டு வாடகைப் படி, ரசாயனமும் புத்தகமும் வாங்க வருஷத்துக்கு 20,000 ரூபாய். 2007இல்தான் தொகை 12,000 ஆகியிருந்தது. 2010 ஏப்ரலில் 16,000, 2014இல் 25,000, 2019இல் 31,000, 2023இல் 37,000 என்று ஏறிக்கொண்டே வந்திருக்கிறது.

இந்த விவரம் எதுவும் ரகசியம் அல்ல. 'எம்ப்ளாய்மெண்ட் நியூஸ்' வாரப் பத்திரிகையில் அறிவிப்பு வரும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு பக்கம் பத்திரிகைக் கடையில் அது கொடியில் தொங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டே கல்லூரிக்குப் போயிருக்கிறேன். அதற்குள் எனக்கான ஒரு பக்கம் இருக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை. பாலவனத்தம் அக்கா இல்லாவிட்டால் மதுரையிலும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவளுக்கு அந்த முறை விரிவுரையாளர் பட்டியல்தான் கிடைத்தது. வினாத்தாள் கட்டை என்னிடமே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டாள்.

விண்ணப்பம் போடுவதே ஒரு வேலையாக இருந்தது. டிராஃப்ட் எடுக்க வேண்டும். சாதிச் சான்றிதழ் வேண்டும். என்னிடம் பள்ளிக்கூடத்தில் எடுத்த சான்றிதழ் இருந்தது. அது செல்லாது என்றார்கள். மாநில அரசு தருகிற பிற்பட்டோர் சான்றிதழ் வேறு, மத்திய அரசு கேட்கிற ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்று அதில் தனியாக எழுதித் தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டும். கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், பிறகு தாலுகா ஆபீஸ் என்று ஏறி இறங்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்குத் திருச்சுழி என்றால் ரமண மகரிஷி பிறந்த ஊர். எங்களுக்குத் தாலுகா ஆபீஸ். அய்யா மூட்டம் போட்டிருந்த நேரம். கரி பிரிக்கிற கையோடு பஸ் ஏறி, நகக்கண்ணில் கருப்போடு அங்கே போய் நின்றார். ஒவ்வொரு தடவை போகும்போதும் ஒரு நாள் கூலி போயிற்று. சான்றிதழுக்கு ஆன செலவு என்று எந்தப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை.

தமிழ்நாட்டில் அப்போது அந்தத் தேர்வுக்கு மையம் இருந்த ஊர்கள் சென்னையும் காரைக்குடியும். மதுரையில் இல்லாதது காரைக்குடியில் எப்படி என்று எங்கள் பேராசிரியரிடம் கேட்டேன். "அங்க சிக்ரி இருக்குல்ல" என்றார். மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைச் சொன்னார். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்ததால் அந்த ஊருக்கு வந்த நிலையம் அது. 1948 ஜூலையில் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 பொங்கல் சமயத்தில் அன்றைய குடியரசுத் துணைத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். தண்ணீருக்கு ஊருணியை நம்பியிருந்த பகுதிக்கு ஒரு தேசிய ஆய்வகம் வந்தது. அதனால் அறுபது வருஷம் கழித்து என்னைப் போன்ற பெண்பிள்ளைகள் சென்னைக்கு ரயில் ஏறாமல் பஸ்ஸிலேயே போய்ப் பரீட்சை எழுத முடிந்தது. நன்கொடையின் வட்டி எங்கெல்லாம் போய்ச் சேர்கிறது என்பதை நன்கொடை கொடுத்தவரே கணக்குப் பார்த்திருக்க முடியாது.

பஸ் சார்ஜுக்கும், முந்தின நாள் ராத்திரி தங்கவும் பணம் வேண்டியிருந்தது. மார்கழியில் எங்கள் ஊரில் யார் கையிலும் காசு இருக்காது; பயிர் நிற்கும், பணம் இருக்காது. அம்மா கடை அண்ணாச்சியிடம் போய் நின்றாள். பற்று நோட்டில் சாமான் எழுதலாம், ரொக்கம் எழுதுவதில்லை என்பது அவர் வழக்கம்.

"எதுக்கு தாயி?"

"புள்ளைக்குப் பரீட்சை அண்ணாச்சி. காரைக்குடியில."

"இன்னுமா பரீட்சை முடியல?"

கேட்டுக்கொண்டே கல்லாவைத் திறந்தார். எங்கள் பெயர் இருந்த பக்கத்தில் பச்சரிசி, துவரம்பருப்பு, சீயக்காய் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில், அடுத்ததாக 'பரீட்சை' என்று எழுதி எதிரே தொகையைப் போட்டார். அந்தப் பக்கத்தை நான் கண்ணால் பார்த்தேன். மத்திய அரசு எனக்குக் கொடுத்த உதவித்தொகைக் கடிதத்தைவிட அந்த வரி எனக்குத் துல்லியமாக நினைவிருக்கிறது.

அப்போது தேர்வு இரண்டு வேளை. காலையில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற தாள். மதியம் விரித்து எழுதுகிற தாள். 2011 ஜூனிலிருந்து ஒரே தாளாக்கிவிட்டார்கள், இப்போது கணினியில் எழுதுகிறார்கள். நடுவேளையில் அய்யா கொண்டுவந்த புளிச்சோற்றை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். சுற்றிலும் மலையாளமும் தெலுங்கும் கேட்டன. "இவங்க எல்லாரும் ஒரே வேலைக்கா வந்திருக்காக?" என்றார் அய்யா. வேலை இல்லை, படிப்பு என்றேன். "நம்ம பக்கத்துல இதுமாதிரி யாராச்சும் படிச்சிருக்காகளா?" என்று கேட்டார். எனக்குச் சட்டென்று நினைவுக்கு வந்தவர் கே.எஸ். கிருஷ்ணன். எங்கள் விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியிலும் சென்னை கிறித்தவக் கல்லூரியிலும் படித்து, கல்கத்தாவுக்குப் போய் சி.வி. ராமனிடம் சேர்ந்தவர். 1928இல் ராமன் விளைவு கண்டுபிடிக்கப்பட்டபோது கூட இருந்து உழைத்தவர். தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு முதல் இயக்குநர் ஆனவர். வத்திராயிருப்பு என்றதும் அய்யாவுக்குத் திருப்தி. "அங்க தண்ணி உள்ள ஊராச்சே" என்று மட்டும் சொன்னார்.

முடிவு வந்தபோது அருப்புக்கோட்டையில் ஒரு பிரவுசிங் சென்டரில் இருந்தேன். பெயர் இருக்காது, பதிவெண்கள் மட்டும் வரிசையாக ஓடும். முதல் பட்டியலிலேயே என் எண் இருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னபோது யாருக்கும் பிடிபடவில்லை. அம்மாச்சிதான் நேராகக் கேட்டாள்: "படிக்கிற புள்ளைக்கு யாரு தாயி சம்பளம் குடுப்பா?" சர்க்கார் என்றேன். "எதுக்கு?" என்றாள். அதற்கு அன்றைக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை.

அத்தைக்கு அந்தக் குழப்பமே இல்லை. என் கல்யாணப் பேச்சு ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது. "மாசம் பன்னிரண்டாயிரமா? அப்போ நகைநட்டுக்கு அவளே சேத்துக்கிருவா" என்று அவள் சொன்ன ஒரு வார்த்தையில் கல்யாணம் ஐந்து வருஷம் தள்ளிப்போயிற்று. பெண்கல்வியைப் பற்றி வீட்டில் நான் செய்திருக்கக்கூடிய எந்தப் பிரசங்கமும் இந்த வேலையைச் செய்திருக்காது. தொகை சிறியதோ பெரியதோ, அது மாசாமாசம் பெண்ணின் பெயரில் வருகிறது என்றால் எங்கள் பக்கத்து வீடுகளில் பேச்சின் சுதியே மாறிவிடும்.

உதவித்தொகை கிடைத்தால் ஆராய்ச்சி இடம் தானாகக் கிடைத்துவிடாது. அப்போது கடிதம் கைக்கு வந்த பிறகு இரண்டு வருஷத்துக்குள் ஒரு வழிகாட்டியைத் தேடிச் சேர வேண்டியிருந்தது. சேராவிட்டால் கடிதம் காலாவதி. கடிதாசிகள் போட்டு, கடைசியில் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். மின்னேற்றத்தைச் சேர்த்து வைக்கிற கரிப் பொருள்களில் அங்கே வேலை நடந்துகொண்டிருந்தது. "கரியைப் பற்றி என்ன தெரியும்?" என்று கேட்டார் ஒரு பேராசிரியர்.

எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். விறகைக் கூம்பாக அடுக்கி, சருகைப் பரப்பி, மேலே ஈர மண் பூசி மூடுவார்கள். உச்சியில் தீயைப் போட்டுவிட்டுப் பக்கவாட்டில் சின்னச் சின்னக் கண் விடுவார்கள். முதலில் வெள்ளையாகக் கனத்த புகை வரும், அது ஈரம். நாள் போகப் போகப் புகை மெலிந்து நீலம் தட்டும். அப்போது கண்ணை அடைக்க வேண்டும். ராத்திரியில் மண் எங்கேயாவது வெடித்துக் காற்று உள்ளே போனால் விடியும்போது கரி இருக்காது, சாம்பல்தான். அதனால் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே ஆள் படுக்க வேண்டும். அய்யா படுப்பார். நானும் சின்ன வயசில் கூடப் படுத்திருக்கிறேன்.

அவர் சிரித்தார். ஆய்வகத்தில் செய்வதும் அதுதான்; மண்ணுக்குப் பதிலாக நைட்ரஜன் வாயு ஓடுகிற குழாய் உலை, புகைக்கண்ணுக்குப் பதிலாக வெப்பநிலை மானி. அப்படி எரித்த கரியைப் பிறகு காரம் சேர்த்துச் சூடாக்கி நுண்துளைகள் உண்டாக்கினால் ஒரு கிராம் கரிக்குள் ஆயிரம் சதுர மீட்டருக்கு மேல் பரப்பு வந்துவிடும். இதை அடுத்த தடவை ஊருக்குப் போனபோது அய்யாவுக்குக் கணக்குப் போட்டுக் காட்டினேன்: ஒரு கிராமுக்குள் கால் ஏக்கர். அவர் வெகுநேரம் பேசவில்லை. "பட்டா யாரு பேருல?" என்றார் பிறகு.

சேர்ந்ததும் முதல் மாசமே பணம் வந்துவிடும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி வருகிற பணம் அல்ல அது. சேர்ந்த அறிக்கை போக வேண்டும், வழிகாட்டி கையெழுத்து, நிறுவன முத்திரை, வங்கிக் கணக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர வேண்டும். இன்றைக்கும் பல உதவித்தொகைகள் மாதங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாகத்தான் வருகின்றன. அதற்குள் மெஸ் பில் ஏறும். வாடகை நிற்கும். கூட வந்து சேர்ந்தவர்களில் நகரத்துப் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்து பணம் வந்தது. என்னோடு சேர்ந்த ஒரு பையன் அந்த இடைவெளியைத் தாண்ட முடியாமல் ஒரு தனியார் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். பரீட்சையில் என்னைவிட நல்ல இடத்தில் தேறியவன் அவன்.

அம்மாவிடம் போனில் அழுதேன். அவளுக்கு அதில் அழ என்ன இருக்கிறது என்றே புரியவில்லை. "நமக்கு என்னைக்கு மாசாமாசம் வந்துச்சு? அறுப்புக்கு அறுப்பு வரும்னு நெனச்சுக்கோ. மெஸ்ஸுல பத்து வையி" என்றாள். சம்பளமாக எதிர்பார்த்தவர்களுக்கு அது தாமதம். வெள்ளாமையாக எடுத்துக்கொண்டால் காத்திருப்பு. மெஸ் நடத்தியவரிடம் தேதி சொல்லாமல், பணம் வந்ததும் முதல் வேலையாகத் தீர்ப்பதாகச் சொன்னேன். அவரும் அறுப்புக் கணக்குத் தெரிந்த தேனிப் பக்கத்துக்காரர், மறுபேச்சுப் பேசவில்லை. மொத்தமாகப் பணம் வந்த வாரம் மெஸ் கணக்கைத் தீர்த்தேன். ஊருக்குப் போய் அண்ணாச்சி கணக்கையும் தீர்த்தேன். 'பரீட்சை' என்று எழுதிய வரியைக் குறுக்கே கோடு போட்டு அடித்தார். வட்டி கேட்கவில்லை. கல்கண்டு ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்; அதை நோட்டில் எழுதவும் இல்லை.

இப்போது நான் ஒரு கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது பிள்ளைகள் வருகிறார்கள். அருப்புக்கோட்டை, காரியாபட்டி, நரிக்குடிப் பக்கத்திலிருந்தும் வருகிறார்கள். என் காலத்தைவிட வழிகள் பெருகியிருக்கின்றன. பிளஸ் டூவில் மாநில வாரியத்தின் முதல் ஒரு சதவீதத்துக்குள் வந்து அடிப்படை அறிவியல் எடுத்தால் 'இன்ஸ்பயர்' உதவித்தொகை வருஷத்துக்கு 80,000 ரூபாய்; அதில் 20,000 கோடையில் ஓர் ஆய்வகத்தில் வேலை செய்வதற்கு. பி.எஸ்ஸி. முடித்ததும் 'ஜாம்' எழுதினால் ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்ஸி. பொறியியல் முடித்தவர்களுக்கு 'கேட்'. அதில் தேறி எம்.டெக். சேர்ந்தால் மாசம் 12,400. 2014இல் நிர்ணயித்த அந்தத் தொகை பல வருஷம் அசையாமல் நின்றது. முனைவர் பட்டத்துக்கு நெட்டைத் தவிர, 2018இல் தொடங்கிய பிரதமர் ஆராய்ச்சி உதவித்தொகை 70,000இல் ஆரம்பிக்கிறது. படிக்கும்போதே கோடை விடுமுறையில் இரண்டு மாதம் ஒரு விஞ்ஞானியிடம் போய் வேலை பழக, மூன்று அறிவியல் அகாதெமிகள் சேர்ந்து தருகிற உதவித்தொகை இருக்கிறது. நான் எல்லாருக்கும் முதலில் சொல்வது அதைத்தான். ஆய்வகத்தின் வாசலை ஒரு தடவை மிதித்துவிட்டால் பாதி பயம் போய்விடும். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்கு மாநில அரசு தருகிற மாசம் ஆயிரம் ரூபாய், புதுமைப் பெண்ணும் தமிழ்ப் புதல்வனும், இந்த விண்ணப்பச் செலவுகளுக்கு உதவுவதைக் கண்ணால் பார்க்கிறேன். அண்ணாச்சி செய்த வேலையில் ஒரு பங்கை இப்போது அந்த ஆயிரம் செய்கிறது.

வெளிநாட்டுக் கனவோடு வருகிறவர்களிடம் கொஞ்சம் நிதானமாகப் பேசுவேன். ஜெர்மனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் இல்லை என்று கேள்விப்பட்டு வருகிறார்கள். அது சரி. ஆனால் விசாவுக்கு ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோ, நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல், முன்கூட்டியே முடக்கு கணக்கில் போட்டுக் காட்டச் சொல்கிறார்கள். டாட் போன்ற முழு உதவித்தொகை கையில் இருந்தால் அது தேவைப்படாது. எராஸ்மஸ் முண்டஸ் கிடைத்தால் கட்டணமும் இல்லை, மாசம் 1,400 யூரோ வரும். ஆகவே கட்டணம் இல்லை என்பதும் செலவு இல்லை என்பதும் வேறுவேறு என்று முதலில் புரிந்துகொண்டு, முழு உதவித்தொகைக்குக் குறிவைக்கச் சொல்வேன். நிலத்தை விற்று ஒரு வருஷத்தை வாங்குவதற்கு நான் யாருக்கும் யோசனை சொன்னதில்லை.

வருகிற பிள்ளைகளுக்குப் பாடத்தில் பெரிய குறை இருப்பதில்லை. ஆங்கிலம் தடுக்கும், அதுவும் பழகினால் வரும். உண்மையில் அவர்களை நிறுத்துவது சின்னச் சின்னத் தொகைகள். விண்ணப்பக் கட்டணம், போக வர பஸ், ரயில் செலவு, ஒரு ராத்திரித் தங்கல், சேர்ந்த பிறகு பணம் வரும்வரை சாப்பாடு. முப்பத்தேழாயிரம் ரூபாய் உதவித்தொகையை ஒரு பிள்ளை இழக்கிறான் என்றால் பெரும்பாலும் அது நாலாயிரம் ஐயாயிரம் கையில் இல்லாததால்தான். அதனால் எங்கள் பக்கத்திலிருந்து படித்து வெளியே போனவர்கள் சிலர் சேர்ந்து கொஞ்சம் பணம் போட்டு வைத்திருக்கிறோம். சங்கமும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை. பரீட்சைக்குப் போகிறவர்களுக்கும் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் அதிலிருந்து கொடுப்போம். முதல் தொகை மொத்தமாக வந்ததும் திருப்பித் தர வேண்டும். வட்டி கிடையாது. சிலர் கூடுதலாகவே அனுப்புகிறார்கள். சிலரிடமிருந்து வரவில்லை, அறுப்பு சரியில்லை என்று வைத்துக்கொள்கிறோம்.

இதைப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு காரியம். ஜாமுக்கும் கேட்டுக்கும் விண்ணப்பம் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் வாக்கில் திறக்கும், பரீட்சை பிப்ரவரியில். ஓ.பி.சி. சான்றிதழை அந்த நிதியாண்டு தேதியிட்டதாகக் கேட்பார்கள்; போன வருஷத்துச் சான்றிதழை நீட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். வருமானச் சான்றும் அப்படித்தான். புரட்டாசி விதைப்பு தொடங்கிவிட்டால் உங்கள் அய்யாவுக்கும் அம்மாவுக்கும் அலைய நேரம் இருக்காது. ஆடி பிறந்ததும் இ-சேவை மையத்துக்குப் போய் இரண்டையும் பதிந்து வாங்கி வைத்துவிடுங்கள்.